முருகைத் தொட்டியில் தட்டைப்புழு: கொல்வதற்கு முன் அடையாளம் காணுங்கள்

2022ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை அப்பா என்னைத் தட்டி எழுப்பினார். "மகன், தொட்டிக் கண்ணாடி கறள் பிடிக்குது. வந்து பார்" என்றார். கண்ணாடி எங்கேயாவது கறள் பிடிக்குமா என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். முன்னறையில் மூன்றடி நீளமான ஒரு கடல்நீர்த் தொட்டி. எழும்பி வந்து பார்த்தபோது, விளக்கு விழும் பக்கக் கண்ணாடியில் கறள் நிறத்தில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருந்தன. விரலால் தட்டினேன். கறள் நகர்ந்தது.

அவை தட்டைப்புழுக்கள். அடுத்த சில நாட்களில் நான் செய்த ஒரு வேலையால் நாலு வருடம் வளர்த்த தொட்டி ஒரே இரவில் செத்துப்போனது. அதைச் செய்தது புழுக்கள் அல்ல, நான்தான். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் சிலர் என்னிடம் இதுபற்றிக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகளும் படம் அனுப்பிக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கண்ணாடிக்குள் எங்கள் கடல்

எனது ஊர் நிலாவெளி. 1990 ஜூனில் ஊரைவிட்டு ஓடியபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா சுழியோடி. சங்கு குளித்தார், பிறகு கொழும்புக் கொம்பனிகளுக்காக அலங்கார மீன் பிடித்தார். யுத்தம் வந்தபின் கடலுக்குப் போக அனுமதி வேண்டும், போகும் நேரத்துக்குக் கட்டுப்பாடு, படகின் இயந்திரத்துக்குக் கட்டுப்பாடு. கரையில் நின்றால் புறாமலை தெரியும். அரசாங்கப் பலகைகளில் அதன் பெயர் புறாத்தீவு. அதைச் சுற்றியுள்ள முருகைக்கற்களைப் பற்றி அப்பா கதை கதையாகச் சொல்வார். ஆனால் நான் அங்கே ஒருநாளும் முகம் நனைத்ததில்லை.

1997இல் கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கி, அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் மீன் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கேதான் முதன்முதலாக உயிருள்ள முருகையைக் கண்டேன். எங்கள் கடலின் அடித்தளத்தை நான் முதலில் பார்த்தது கடலில் இல்லை, கொழும்பில் ஒரு கண்ணாடித் தொட்டியில். புறாமலைக்குப் போய் நீருக்குள் தலையை விட்டது 2010இல், யுத்தம் முடிந்தபின். 2003இலேயே அது தேசிய பூங்காவாகிவிட்டது. எங்கள் ஊர்க் கடலைப் பார்க்க நுழைவுச்சீட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

அடுத்த வருடம் அப்பாவை என்னோடு அழைத்து வந்தேன். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்த ஒருநாளில் அவருடைய ஒரு கால் விளங்காமல் போயிருந்தது. தொட்டியை 2018இல் வைத்தேன். அதன் முன்னால் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு அப்பா பின்னேரங்களில் உட்கார்ந்திருப்பார். வேறு எதையும் அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை. ஆகவே இந்தத் தொட்டி எங்கள் வீட்டில் வெறும் அலங்காரம் இல்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலிலிருந்து முருகைக்கல்லை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். கல் முருகைகள் யாவும் சர்வதேச வர்த்தகத்திலும் கட்டுப்படுத்தப்பட்டவை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது. என் தொட்டியில் இருப்பது செயற்கைக் கல். அதன் மேல், வேறு தொட்டிக்காரர்கள் தங்கள் தொட்டியில் பெருகியதைப் பிரித்துத் தந்த காளான் முருகையும் தோல் முருகையும்.

அவை எங்கிருந்து வந்தன?

தட்டைப்புழு தானாக முளைப்பதில்லை. முருகைத் துண்டு, கல், பாசி, சில வேளை அவற்றோடு வரும் தண்ணீர், இவற்றில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். எனக்கு வந்தது ஒரு காளான் முருகையின் அடியில். அது வந்தது 2021இல். பிறகு ஏன் ஒரு வருடம் கழித்துப் பெருகியது?

அதற்கான விடை மின்வெட்டில் இருந்தது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முருகைத் தொட்டியில் பம்ப் நின்றால் நீரோட்டம் நிற்கும், நீரில் ஒட்சிசன் குறையும். பற்றரியில் ஓடும் சிறிய காற்றுப் பம்ப் ஒன்று இருந்தது. அது நாலைந்து மணிநேரம்தான் தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு அப்பா மெழுகுதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு கோப்பையால் தொட்டி நீரை அள்ளி அள்ளி உயரத்திலிருந்து ஊற்றுவார். முருகைகள் தப்பின. மீன்களில் மூன்று செத்தன. அதில் ஒன்று, உடம்பில் ஆறு கோடுகள் ஓடும் சிறிய ராஸ் மீன். 'சிக்ஸ் லைன்' என்று கடைகளில் சொல்வார்கள். கல்லிடுக்கு முழுவதும் நுழைந்து சிறு உயிர்களைக் கொத்தித் திரிவதே அதன் நாள் முழுக்க வேலை.

அந்த மீன் செத்தபோது அழகான மீன் ஒன்று போய்விட்டதே என்றுதான் கவலைப்பட்டேன். அது ஒரு வருடமாக என்ன தின்றுகொண்டிருந்தது என்று ஜூலையில்தான் விளங்கியது.

எந்தப் புழு என்று முதலில் பாருங்கள்

கொழும்பில் 'அடையாளம் காண்பது' என்று சொன்னாலே எங்கள் வயதுக்காரருக்கு வேறு நினைவுகள் வரும். அடையாள அட்டையில் இருந்த ஊரின் பெயருக்காக நடுச்சாமத்தில் லொட்ஜ் வாசலில் வரிசையாக நிற்க வைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்வதன் அநியாயம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் தொட்டி விடயத்தில் அதைத்தான் நான் செய்தேன்: புழு என்றதும் மருந்து.

தொட்டியில் ஊரும் எல்லாமே தீங்கானவை இல்லை. ஒரு ரோச் லைற்றும் ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியும் போதும். செட்டியார் தெருவில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிறார்களே, அப்படியான ஒன்றை நான் வாங்கி வைத்திருக்கிறேன். விளக்கு எரியும்போது ஒருமுறையும், விளக்கு அணைந்து இரண்டு மணிநேரத்தின் பின் ஒருமுறையும் பாருங்கள்.

முதலாவது வகை, கறள் நிறப் புழு. நீளம் சில மில்லிமீற்றர்தான். உடம்பின் பின்பக்கம் மூன்று சிறு வால்களாகப் பிரிந்திருக்கும். இதுதான் இதன் கைநாட்டு. உடம்புக்குள் நுண்ணிய அல்காக்களை வைத்திருக்கிறது. அவை வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும். அதனால் பகலில், வெளிச்சம் கூடிய, நீரோட்டம் குறைந்த இடங்களில் கூட்டமாகக் கிடக்கும். இது முருகையைக் கடித்துத் தின்பதில்லை. ஆனால் கூட்டமாக அதன்மேல் படிந்து வெளிச்சத்தை மறைத்துவிடும். மீன்களுக்கு உணவாகும் நுண்ணிய இறால் வகைகளையும் பிடித்துத் தின்னும்.

இதற்குக் கொன்வொலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்று 1988இல் ஹெண்டல்பெர்க், ஓகெசன் ஆகிய இருவர் பெயர் வைத்தார்கள். இதன் இனப்பெருக்கம் விசித்திரமானது. தாயின் பின்பக்கத்தில் மொட்டு ஒன்று வரும்; அந்த மொட்டின் தலை தாய்க்கு எதிர்த்திசையைப் பார்த்திருக்கும். பிறகு கழன்று தனிப்புழுவாகிவிடும். துணை தேவையில்லை. ஒன்று மிஞ்சினாலே போதும் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விடயம். பாடசாலையில் நாங்கள் படித்த தட்டைப்புழுக் கூட்டத்தில் இப்போது விஞ்ஞானிகள் இதைச் சேர்ப்பதில்லை. மரபணுக்களைப் பார்த்தபின் வேறொரு கூட்டத்தில் வைத்துவிட்டார்கள். தட்டையாக இருப்பதால் மட்டும் உறவாகிவிட முடியாது. தொட்டிக்காரர்கள் மட்டும் பழைய பெயரிலேயே அழைக்கிறோம்.

இரண்டாவது வகை, முருகையின் மேலேயே ஒட்டிக் கிடக்கும் வட்டமான மண்ணிறப் புள்ளிகள். வமினோவா என்ற இனத்தைச் சேர்ந்தவை. காளான் முருகை, தோல் முருகை, குமிழ் முருகை ஆகியவற்றில் காணலாம். பலர் இதை முருகையின் சொந்த நிறம் என்றே நினைத்துவிடுகிறார்கள். மெல்லிய குழாயால் நீரைப் பீச்சினால் புள்ளி அசைந்து கொடுக்கும். இவை முருகையின் மேலுள்ள சளியைத் தின்னும், வெளிச்சத்தையும் மறைக்கும். கொஞ்சமாக இருந்தால் ஆபத்தில்லை.

மூன்றாவது வகைதான் உண்மையில் முருகையைத் தின்பது. கிளைவிட்டு வளரும் அக்றோபோரா முருகைகளை மட்டும் தாக்கும். கண்ணுக்குத் தெரியாது என்றே சொல்லலாம். உடம்பு ஒளியை ஊடுருவவிடும், உள்ளே தெரிவது அது தின்ற முருகையின் நிறம்தான். ஆகவே புழுவைத் தேடாதீர்கள், அது விட்டுப்போன தடயத்தைத் தேடுங்கள். கிளைகளில் ஒரு மில்லிமீற்றர் அளவு வெளிறிய வட்டங்கள், நிறம் மங்கிப்போதல், அடிப்பக்கத்தில் இழையம் இறந்து வெறும் எலும்பான இடத்தில் பொன் மண்ணிறத்தில் முட்டைக் குவியல். தொட்டிக்காரர்கள் பல வருடங்கள் இதோடு போராடிய பின், 2011இல்தான் விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்தார்கள். அவுஸ்திரேலியாவின் கிரேட் பரியர் றீஃபில், இயற்கையான கடலில், இதைக் கண்டது அதற்கும் பிறகு.

ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் ஒருவன் வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினான். "மச்சான், லைற் கூடிப்போச்சோ?" என்று கேட்டான். வெளிறிய வட்டங்களைக் கண்டதும் அடிக்கிளையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். முட்டைகள் இருந்தன. மூன்று மாதமாக விளக்கைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறான், பாவம்.

நாலாவது வகை, விரல்நகம் அளவிலிருந்து அதைவிடப் பெரிதாகவும் வரக்கூடிய தட்டைப்புழுக்கள். கல்லுக்கடியில் பகலில் ஒளிந்திருந்து இரவில் வெளியே வரும். சிப்பியையும் நத்தையையும் தின்னும். உங்கள் தொட்டியில் வெறும் நத்தை ஓடுகள் கூடிக்கொண்டே போனால் இரவில் ரோச் அடித்துப் பாருங்கள். இதைக் கையால் எடுத்துவிடலாம், மருந்து தேவையில்லை.

இவை தவிர, கண்ணாடியில் துள்ளித் துள்ளி ஓடும் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. அவை புழுக்கள் இல்லை, நுண்ணிய இறால் வகைகள். கல்லிடுக்கில் மயிர்க்கால்களோடு நெளியும் வளையப் புழுக்கள் மிஞ்சிய உணவைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்குபவை. இவை இருப்பது நல்ல அறிகுறி. மருந்து போட்டால் இவற்றிலும் பல சாகும்.

"கடலில உதுக்கு ஆள் இருக்கு"

கறள் நிறப் புழு என்று நான் தெரிந்துகொண்ட அன்று அப்பாவிடம் கடலில் இப்படி ஏதும் கண்டிருக்கிறாரா என்று கேட்டேன். "தட்டைப்புழு எத்தனையோ நிறத்தில கண்டிருக்கிறன். சீலைக் கரை மாதிரி ஓரம் ஆடிக்கொண்டு நீந்திப் போகும். ஆனா இப்படிக் குவிஞ்சு கிடக்க ஒருநாளும் காணேல்லை. கடலில உதைத் தின்ன ஆள் இருக்கு. எங்கட ஆள்தான் மின்வெட்டில செத்துப்போனான்" என்றார்.

அப்பா கண்டதை அவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஒருவர் கண்டு வரைந்திருக்கிறார். எட்வர்ட் பிரடெரிக் கெலார்ட் இலங்கையில் பிறந்த மருத்துவர், இயற்கை ஆய்வாளர். திருகோணமலையில் இருந்த காலத்தில் கடல் தட்டைப்புழுக்களைச் சேகரித்தார். 1860இல் இறந்துவிட்டார். அவர் சேகரித்தவற்றையும் கிழக்குக் கடல்களில் தான் சேகரித்தவற்றையும் சேர்த்து, கொலிங்வூட் என்பவர் 31 வகைகளை விபரிக்கும் கட்டுரையை 1876இல் லண்டன் லினியன் சங்கத்தின் வெளியீட்டில் எழுதினார். உலகத்தின் கடல் தட்டைப்புழுக்களைப் பற்றிய பழைய பதிவுகளில் எங்கள் திருகோணமலையும் ஒன்று.

மன்னார் முத்துச் சலாபங்களை ஆராய 1902இல் வந்த பேராசிரியர் ஹேர்ட்மனும் அவரது உதவியாளர் ஹோர்னெலும் இன்னொரு படி மேலே போனார்கள். சிப்பிக்குள் புகுந்த நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றித்தான் முத்து உருவாகிறது என்றார்கள். நாடாப்புழுவும் தட்டைப்புழுக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பின்வந்த ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. ஆனாலும், ஒரு காலத்தில் எங்கள் கடலில் புழுவைச் சனியனாக இல்லாமல் செல்வம் தருவதாகவும் நினைத்திருக்கிறார்கள் என்பது சுவையான சங்கதி.

ஆகவே கடலில் இது பீடை இல்லை. அங்கே தின்னும் மீன் உண்டு, அடித்துச் செல்லும் நீரோட்டம் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு, வெளிச்சத்தையும் உணவையும் மட்டும் கொடுத்தால் அது பெருகும். பீடையாக்கியது பெட்டிதான்.

நான் செய்த பிழை

அந்த நாட்களில் நாட்டில் டொலர் இல்லை. தொட்டிகளுக்கென்றே செய்த வெளிநாட்டுப் புழு மருந்து எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. ஒருவர் ஆடு மாடுகளுக்குக் கொடுக்கும் லெவமிசோல் பூச்சிமருந்தைத் தந்து, "இதுவும் அதுதான்" என்றார். லெவமிசோல் புழுக்களை முடக்கும் மருந்து என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லாததும் நான் கேட்காததும் இருந்தன.

இரவு எட்டரைக்கு மின்சாரம் வந்ததும் மருந்தை ஊற்றினேன். அரைமணி நேரத்தில் புழுக்கள் சுருண்டு விழத் தொடங்கின. தொட்டி முழுவதும் கறள் நிற மழை போல இருந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். அப்பா மட்டும் "தண்ணி நிறம் மாறுது மகன்" என்றார். காலையில் பார்ப்போம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் தண்ணீர் தேயிலைச்சாயம் போல இருந்தது. மீன்கள் எல்லாம் அடியில் கிடந்தன. காளான் முருகைகள் உருகி வழிந்திருந்தன. அப்பா கதிரையைத் திருப்பிச் சுவர்ப்பக்கம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை.

என்ன நடந்தது என்று பிறகுதான் படித்து அறிந்தேன். இந்தப் புழுவின் உடம்பில் நஞ்சு இருக்கிறது. உயிரோடு இருக்கும்போது அதனால் தொட்டிக்குப் பாதிப்பில்லை. சாகும்போது நீரில் கலக்கும். பத்துப் புழு செத்தால் ஒன்றுமில்லை, பல ஆயிரம் ஒரே நேரத்தில் செத்தால் மீனைக் கொல்லும். அதோடு அவ்வளவு உடம்புகளும் அழுகும்போது அமோனியா கூடும், அழுகச் செய்யும் பற்றீரியாக்கள் ஒட்சிசனை உறிஞ்சிவிடும். இரவில் அல்காக்களும் ஒட்சிசன் தருவதில்லை. நான் தெரிவு செய்தது மிக மோசமான நேரம்.

இதைவிடக் கசப்பான ஒன்று உண்டு. தொட்டியைக் கழுவி, அதே கற்களை வைத்து மறுபடி தொடங்கினேன். இரண்டு மாதத்தில் கறள் புள்ளிகள் திரும்பி வந்தன. அந்த இரவில் எல்லாம் செத்தன, சில புழுக்களைத் தவிர.

இரண்டாம் முறை செய்தது

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். நீங்களும் இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள்.

முதலில் மீன் உணவைக் குறையுங்கள். மிஞ்சும் உணவு நுண்ணுயிர்களைப் பெருக்கும், அவை புழுக்களைப் பெருக்கும். பம்ப்பின் முகத்தைத் திருப்பி, நீர் அசையாமல் இருக்கும் மூலைகளில் ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, உறிஞ்சி எடுப்பது. மருந்தைவிட முக்கியம் இதுதான். மீன்தொட்டிக் காற்றுக் குழாய் ஒன்றைத் தண்ணீரால் நிரப்பி, ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைக் கீழே வைத்த வாளியிலும் விடுங்கள். வாளியின் வாயில் மெல்லிய வெள்ளைத்துணியைக் கட்டுங்கள். மதியத்தில், விளக்கு நன்றாக எரியும்போது புழுக்கள் வெளியே வந்து கிடக்கும். அப்போது ஒவ்வொன்றாக உறிஞ்சுங்கள். துணியில் புழு தங்கும், வடிந்த நீரைத் தொட்டிக்கே திரும்ப ஊற்றலாம். நாங்கள் மூன்று கிழமை ஒவ்வொரு நாளும் செய்தோம். குழாயைப் பிடித்தவர் அப்பா. சுழியோடிக்குக் கை நடுங்காது. பலருக்கு இந்தக் கட்டத்திலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

மூன்றாவது, மருந்து போடுவதாக இருந்தால் இதையெல்லாம் முதலில் தயாராக வையுங்கள்: தொட்டி நீரில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அதே உப்பும் அதே வெப்பமும் உள்ள புதிய கடல்நீர், ஒரு பை புதிய காபன், காற்றுப் பம்ப். தொட்டிகளுக்கென்று செய்த மருந்தையே, அதன் உறையில் உள்ள அளவிலேயே போடுங்கள். கால்நடை மருந்தை அளவு தெரியாமல் ஊற்றாதீர்கள். காலையில் போடுங்கள். அன்று வேலைக்குப் போகாதீர்கள். மின்வெட்டு அறிவித்த நாளில் தொடவே வேண்டாம்.

புழுக்கள் கழன்று விழ விழ உறிஞ்சி வெளியே எடுங்கள். உறையில் சொன்ன நேரம் முடிந்ததும் காபனைப் போட்டு, நீரை மாற்றுங்கள். அதற்கு முன்பே மீன் வேகமாக மூச்செறிந்தாலோ நீர் நிறம் மாறினாலோ, நேரம் முடியும்வரை காத்திருக்காமல் உடனே நீரை மாற்றத் தொடங்குங்கள். ஒரு கிழமை கழித்து, தப்பியவை பெருகுமுன், திரும்பச் செய்யுங்கள்.

நாலாவது, தின்ன ஒரு ஆளைக் கொண்டு வாருங்கள். சிக்ஸ் லைன் ராஸ், மஞ்சள் ராஸ் போன்ற மீன்கள் தின்னக்கூடும். தின்னும் என்று உத்தரவாதம் இல்லை. ஒரு மீன் விரட்டி விரட்டித் தின்னும், இன்னொன்று திரும்பியும் பாராது. சிக்ஸ் லைன் வளர வளரச் சண்டைக்காரனாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தப் புழுவை மட்டுமே தின்னும் கறுப்பும் நீலமுமான ஒரு கடல் நத்தை வகையும் சில நாடுகளில் விற்கப்படுகிறது. ஆனால் புழு முடிந்ததும் அது பட்டினி கிடந்து சாகும். அதை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை.

அக்றோபோரா தின்னும் புழுவுக்கு இந்த முறை போதாது. ஒவ்வொரு முருகையையும் வெளியே எடுத்து, முருகைக்கான குளிப்பு மருந்து கலந்த வாளியில், உறையில் சொன்ன நேரத்துக்கு வைத்து, குழாயால் பீச்சிப் புழுக்களை விழுத்த வேண்டும். முட்டைகள் அந்த மருந்துக்குச் சாவதில்லை. அடியில் உள்ள வெற்று எலும்பைச் சுரண்டுங்கள், அல்லது அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். பிறகு கிழமைக்கு ஒருமுறை, குறைந்தது ஆறு கிழமை. புதிதாகப் பொரித்தவை வளர்ந்து முட்டையிடுமுன் பிடிப்பதே நோக்கம். மச்சான் இரண்டு கிழமையில் நிறுத்தினான். திரும்பத் தொடங்க வேண்டியதாகிவிட்டது.

வாசலிலேயே நிறுத்துங்கள்

இவ்வளவு பாடும் வேண்டாம் என்றால், புதிதாக வரும் எதையும் நேரே தொட்டிக்குள் வைக்காதீர்கள். ஒரு சிறிய தனித்தொட்டியில் நாலு தொடக்கம் ஆறு கிழமை வையுங்கள். முதல்நாள் குளிப்பு மருந்தில் கழுவுங்கள். முருகை ஒட்டியிருக்கும் பழைய கல்லை நீக்கிவிட்டுப் புதியதில் ஒட்டுங்கள். முட்டை பெரும்பாலும் அந்த அடிக்கல்லில்தான் இருக்கும். முருகை வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நண்பர் தந்தது என்பதற்காக விதிவிலக்கு வேண்டாம். எனக்குப் புழு வந்ததும் நல்ல நண்பர் ஒருவரிடமிருந்துதான். அவருக்கே தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொட்டி வேண்டாம் என்று முடிவு செய்தாலும், அதிலுள்ள மீனையோ கல்லையோ தண்ணீரையோ கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். எங்கள் கடலில் இயல்பாக வாழும் சிங்கமீன், 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் முதலில் காணப்பட்டது. தொட்டிகளிலிருந்து விடப்பட்டதாகவே நம்பப்படுகிறது. இன்று அது கரீபியன் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது. இங்கே அதைக் கட்டுப்படுத்த ஆள் உண்டு, அங்கே இல்லை. எங்கள் தொட்டி நீரில் வேறு எந்தக் கடலின் உயிர் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. புறாமலைச் சுற்றாடல் வெப்பத்தில் வெளிறியும் மிதிபட்டும் ஏற்கனவே நிறையப் பட்டுவிட்டது. உறிஞ்சிய புழுக்களைக் கொதிநீரில் போட்டுவிட்டு எறியுங்கள்.

என் தொட்டி இப்போது மறுபடி வளர்கிறது. ஒரு புதிய சிக்ஸ் லைன் இருக்கிறது. பற்றரியும் பெரிதாக வாங்கிவிட்டேன். புழு முற்றாக ஒழியவில்லை. மாதத்தில் ஒன்றிரண்டு நாள் கண்ணாடியில் கறள் புள்ளி தெரியும். அப்பா அதற்காக என்னை எழுப்புவதில்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, எத்தனை என்று எண்ணிவிட்டு, மீன் அந்தப் பக்கம் வரும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.